ஒன்பதாம் நம்பர் ஷூ

தினேஷ்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒரு பதில் சொன்னேன் இல்லையா, அதை மறந்துவிடு. அப்பன் சொன்னதை அப்பனே வாபஸ் வாங்கிக்கொள்கிறான் என்று வைத்துக்கொள். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டே பாதியைத் தள்ளிவிடுவாய். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், நானும் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் தாளில் எழுதி, நெத்திலித் தொக்கு டப்பாவோடு சேர்த்து கூரியரில் போடுகிறேன். டப்பாவைத் திறக்கும் முன் இதைப் படி. அறுபத்தெட்டு வயதில் கை ஒரு பக்கம் போகிறது, கண் ஒரு பக்கம் போகிறது. மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்து, இனிமேல் கிழிக்கத் தெம்பில்லை என்று உட்கார்ந்து எழுதுவது இது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ என்ன கேட்டாய்? "நைனா, ரெண்டு காலும் லைட்டா உப்பிகினு கீது. அடுத்த வியாழக்கெழம மெடிக்கலு. நீ ஸ்டோர்ல ஆளுங்களுக்கு இன்னாவோ பண்ணுவியே, இன்னா அது?" என்று கேட்டாய். இரண்டு வருஷமாக அலைந்து இப்போதுதான் வெளிநாட்டு வேலை கைக்கு வந்திருக்கிறது, மெடிக்கலில் ஃபிட் என்று ஒரு கையெழுத்து விழுந்தால் ஏறிவிடலாம் என்று இருக்கிறாய். நானும் யோசிக்கவே இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னேன். முந்தின நாளிலிருந்து உப்பைத் தொடாதே, காலையில் இரண்டு மணி நேரம் காலை உயரத்தில் தூக்கி வைத்துப் படு, கிரேப் பேண்டேஜ் இறுக்கிச் சுற்று, உன் பேரைக் கூப்பிடும்போது அவிழ்த்துவிட்டு உள்ளே போ என்று வரிசையாகச் சொன்னேன். என்னிடம் இன்னும் யாரோ தொழில் கேட்கிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. "சூப்பர் நைனா" என்று நீ போனை வைத்தாய். வைத்த பிறகுதான் இதே பாடத்தைக் கடைசியாக நான் யாருக்குச் சொன்னேன் என்பது நினைவுக்கு வந்தது. உன் மாமன் ஏழுமலைக்கு.

ஏழுமலையை உனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும். அவன் போனபோது நீ பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய். உன் அம்மாவுக்கு ஒரே தம்பி, கல்யாணம் ஆகாதவன், மாடியில் ஒற்றை அறையில் படுத்துக்கொண்டு மூன்று வேளையும் நம் வீட்டில்தான் சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமையானால் உன்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போவான். நான் வேலை செய்த அதே ஃபேக்டரியில், எண்ணூர் ரோட்டில், அவனை மோல்டிங் செக்‌ஷனில் சேர்த்துவிட்டதும் நான்தான். நாள் முழுக்க நின்றபடி அச்சுக்கு மண் இடிக்கிற வேலை. குடிக்க மாட்டான். சாராயத்தை விடு, டீயிலேயே கடைசி இரண்டு வாய் மிச்சம் வைத்துவிட்டு எழுந்துபோகிற ஆள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

என் வேலை உனக்குத் தெரியும். முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பர். போல்ட்டு, வெல்டிங் ராடு, கையுறை, எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட், எல்லாவற்றுக்கும் மேலே சேஃப்டி ஷூ. ஷூ வாங்க வருகிறவன் வாயைத் திறப்பதற்குள் அவன் சைஸ் பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்துவிடுவேன். முகம் மறந்துபோகும், கால் மறக்காது எனக்கு. நோட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதில் எனக்கு அவ்வளவு கர்வம். வளர்ந்து முடிந்த ஆம்பளைக்குக் கால் நீளாது என்பது ஷூ கொடுக்கிற எவனுக்கும் தெரியும். முப்பத்தாறு வயசுக்காரன் வந்து நம்பர் கூட்டிக் கேட்டால், ஏன்டா என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

ஏழுமலைக்கு எட்டு. சேர்ந்த நாளிலிருந்து எட்டுதான். ஒரு நாள் வந்து, "எட்டு கடிக்குது மாமா, ஒம்போது குடு" என்றான். புது லாட் சரக்கு, சின்னதாக வருகிறது போல என்று நானே அவனுக்கு ஒரு காரணம் சொல்லிக் கொடுத்து ஒன்பது கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் பத்து கேட்டான். அதுவும் சாயங்காலமானால் கடிக்கிறது என்று இரண்டு பக்கமும் பிளேடால் கீறி வைத்திருந்தான். கம்பெனிச் சொத்தை நாசம் பண்ணுகிறாயா என்று நான் அவனை ஆளுங்கள் முன்னால் வைத்துக் கத்தினேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "நாளெல்லாம் நின்னுகினே கீறேன், கால் உப்பாம இன்னா பண்ணும் மாமா?" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மோல்டிங்கில் நிற்கிற எல்லாருக்கும் சாயங்காலம் கால் கனக்கும். ஆனால் காலையில் எழுந்து சாப்பிட வரும்போதே அவன் கால் உப்பியிருந்ததை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சோற்றுத் தட்டுக்கு முன்னால் காலை மடக்கி உட்கார முடியாமல் நீட்டி உட்காருவான். உன் அம்மா மரியாதை தெரியாதவன் என்று அவனைத் திட்டுவாள்.

உள்ளங்கால் அரிப்பு வேறு. தோலில் ஒரு பொரி இல்லை, புண் இல்லை, ஆனால் செங்கல்லில் வைத்துத் தேய்ப்பான். ஈர சாக்ஸு, ஃபேக்டரி மண், இந்தப் பக்கத்துத் தண்ணி என்று ஆளுக்கொன்று சொன்னோம். இங்கே கால் அரிக்காதவன் யார்? தண்ணியைக் குறை சொல்வது நமக்கெல்லாம் பழக்கம்தானே. உன் அம்மா தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். கல்லீரல் கெட்டால் உள்ளங்கால் அரிக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம். கல்லீரல் வயிற்றுக்குள்ளே இருப்பது, கால் தரையில் இருப்பது, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்திருப்போம்.

இப்போது அந்த மெடிக்கல் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஃபேக்டரியில் வருஷத்துக்கு ஒரு தரம் டாக்டர் வந்து எல்லாரையும் பார்ப்பார். பர்மனென்ட் ஆளுக்குப் பிரச்சினை இல்லை. கான்ட்ராக்ட் ஆளுக்கு அன்ஃபிட் என்று போட்டால் மறுநாள் கேட்டுக்குள் விட மாட்டார்கள். அதனால் கால் வீக்கம், நரம்புச் சுருட்டல் என்று இருக்கிறவர்கள் அன்று விடிந்ததும் என் ஸ்டோருக்கு வந்துவிடுவார்கள். நான் பனியன் வேஸ்ட் மூட்டைகளை வரிசையாக அடுக்கி, தரையில் அட்டை விரித்து, காலை மூட்டை மேல் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்வேன். பேண்டேஜும் ஸ்டோர் சரக்குதான். இரண்டு மணி நேரத்தில் கால் வற்றிவிடும். நாலைந்து பேர் காலைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடப்பதைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கும், அவர்களும் சிரிப்பார்கள். எத்தனை பேர் வேலையைக் காப்பாற்றினேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. டாக்டரை ஏமாற்றுகிறோம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கம்பெனியை ஏமாற்றுவதாகத்தான் நினைத்தோம், அது எங்களுக்குப் பாவமாகப் படவில்லை.

அந்த வருஷம் பர்மனென்ட் லிஸ்டில் ஏழுமலை பேர் வரும் என்று பேச்சு. அவனை மெடிக்கலுக்கு முன்னால் வரச் சொன்னதே நான்தான். அவனாக வரவில்லை, தினேஷ். இதை நீ கவனித்துப் படிக்க வேண்டும். "வாணாம் மாமா, டாக்டரு பாத்தா பாக்கட்டும், இன்னான்னு கேட்டுக்கலாம்" என்றுதான் அவன் சொன்னான். நான், "கேட்டுகினு அப்பறம் இன்னா பண்ணுவ? வூட்ல குந்துவியா? மூடிகினு வா" என்றேன். வந்தான். மற்றவர்களுக்கு இரண்டு மூட்டை, இவனுக்கு வீக்கம் அதிகம் என்று மூன்று மூட்டை போட்டேன். பேண்டேஜை நானே என் கையால் சுற்றினேன். சுற்றும்போது என் விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்து, அது எழும்பவே இல்லை. பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி அப்படியே நின்றது. பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சுற்றினேன்.

டாக்டர் அழுத்திப் பார்த்தாராம், பெரிதாகக் குழி விழவில்லையாம். ஃபிட் போட்டுவிட்டார். ஏழுமலை நேராக ஸ்டோருக்கு வந்து, ஒரு கையில் டீயும் ஒரு கையில் பொறை ரஸ்க்குமாக நின்று, "உன் புண்ணியத்துல இன்னொரு வருசம் ஓட்டிடலாம் மாமா" என்றான். அந்த வருஷத்தை அவன் முடிக்கவில்லை. எட்டாவது மாதம் வயிறு பானை மாதிரி வந்து, கண் மஞ்சளாகி, ஒரு நாள் மோல்டிங்கிலேயே ரத்த வாந்தி எடுத்து விழுந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், வயசானவர், வந்ததும் வயிற்றைக்கூடப் பிறகுதான் தொட்டார். முதலில் போர்வையை விலக்கி இரண்டு காலையும் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தி, எடுத்து, குழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கால் எத்தனை நாளா வீங்குது?" என்று என்னைக் கேட்டார். பக்கத்தில் உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். "இப்பதான் சார், ஒரு வாரமா" என்றேன். ஏழுமலை என்னைப் பார்த்தான். என்னைக் காட்டிக் கொடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டான். அந்தப் பார்வையைத்தான் பதினாலு வருஷமாகச் சுமக்கிறேன், எனக்கு முதுகு ஒடிந்துவிட்டது.

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார். ரத்தத்தில் இருக்கிற தண்ணீரை ரத்தத்திலேயே பிடித்து வைக்க ஒரு சத்து வேண்டும், அதைச் செய்வது கல்லீரல். கல்லீரல் கெட்டு இறுகிப்போனால் அந்தச் சத்து குறைந்துபோகும், தண்ணீர் வெளியே கசிந்து கீழே இறங்கும், உடம்பில் கீழே இருப்பது கால்தான். பித்தம் சரியாக இறங்காமல் ரத்தத்தில் தங்கினால் உள்ளங்காலும் உள்ளங்கையும் அரிக்கும். "கால் எப்பவோ சொல்லியிருக்குமே, நீங்கதான் யாரும் கேட்கலை" என்றார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். கல்லீரலைக் கெடுத்தது குடி இல்லை, ரத்தத்தில் இருந்த ஹெபடைட்டிஸ் பி என்கிற கிருமி. பெற்றவளிடமிருந்து பிரசவத்திலேயே வந்திருக்கலாம், இத்தனை வருஷம் சத்தமில்லாமல் இருந்திருக்கும் என்றார். முன்னாலேயே வந்திருந்தால் மாத்திரையில் நிறுத்தி வைத்திருக்கலாமாம். எவ்வளவு முன்னால் என்று நான் கேட்டேன். ஏழெட்டு மாதம் முன்னால் வந்திருந்தால்கூடப் பார்த்திருக்கலாம் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவன் ஒன்றரை மாதம் இருந்தான். அந்த ஒன்றரை மாதமும் அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தது நான். உனக்குத் தொற்றிவிடும் என்று உன்னை மாடிக்குப் போகவிடாமல் தடுத்ததும் நான். நீ படியில் நின்று "மாமா" என்று கூப்பிடுவாய், அவன் மேலேயிருந்து "படிச்சிகினு இரு, வர்றேன்" என்பான். ஒன்றாகச் சாப்பிடுவதால் அது தொற்றாது என்று அந்த டாக்டரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். கேட்கிற பழக்கம் எனக்கு ஏது.

இன்னொன்று இருக்கிறது. சாவுக்கு வந்தவர்கள் என்ன பேசினார்கள் என்பது உனக்கும் காதில் விழுந்திருக்கும். ஈரல் போச்சாம், மாடியில தனியா இருந்தவன், குடிச்சிருப்பான் என்றார்கள். உன் அம்மா தலைவிரிகோலமாக எழுந்து நின்று, "என் தம்பி மோந்துகூடப் பாத்தவன் இல்ல" என்று ஒவ்வொருவரிடமும் சண்டைக்குப் போனாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூட வேலை செய்தவன், ஒரே வீட்டில் சாப்பிட்டவன், நான் ஒரு வார்த்தை சொன்னால் அடங்கியிருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குடித்துச் செத்தான் என்றால் அது அவன் தப்பு. குடிக்கவில்லை என்றால் பிறகு எப்படி என்று கேட்பார்கள், கால் வீக்கம் வரும், மூன்று மூட்டை வரும், நான் வருவேன். நான் தப்பிக்க அவன் பேரைக் கெடுத்தேன் தினேஷ். இதைவிடக் கேவலமான காரியம் நான் என் ஆயுசில் செய்ததில்லை.

இதுவரை படித்துவிட்டு, கிழவனுக்குப் பழைய ஞாபகம் வந்து அழுகிறான் என்று மடித்து வைத்துவிடாதே. உனக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. அந்த டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். கூடப் பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ரத்தம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. கூடப் பிறந்தவள் உன் அம்மா. பிள்ளை நீ. அந்தச் சீட்டை உன் அம்மாவிடம் காட்டினால், வீக்கம் எப்போது தொடங்கியது என்ற பேச்சு திரும்ப வரும். அடுத்த மாதம் காட்டலாம், உன் பரீட்சை முடியட்டும், காரியம் முடியட்டும் என்று தள்ளினேன். என் டிரங்குப் பெட்டியில் சர்வீஸ் பேப்பருக்கு அடியில் போட்டேன். பதினாலு வருஷம் அங்கேயே கிடந்தது. மறந்துபோனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மறக்கவில்லை.

பொங்கலுக்கு நீ வந்தபோது வாசலில் ஷூவைக் கழற்றிப் போட்டிருந்தாய். ஓரமாக எடுத்து வைக்கலாம் என்று குனிந்தேன். நாக்குப் பக்கம் ஒன்பது என்று இருந்தது. உன் சைஸ் எட்டு. பதினெட்டு வயதிலிருந்து எட்டு. கையில் வைத்துக்கொண்டு என்ன நினைத்தேன் தெரியுமா? இந்தக் கம்பெனி ஷூ சின்னதாக வருகிறது போல என்று நினைத்தேன். அதே வார்த்தை. நீ உள்ளே சோஃபாவில் காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீயே போனில் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை, போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

திங்கட்கிழமை காலை உன் அம்மா வாசல் குழாயடியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஷூ, மூட்டை, பேண்டேஜ், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், பெட்டியில் கிடந்த சீட்டு, உன் போன், ஒன்றையும் விடவில்லை. அவள் கை நிற்கவில்லை, தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவன் வாணாம்னு சொன்னானா?" ஆமாம் என்றேன். மீனை அப்படியே விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அன்றைக்கு முழுக்கப் பேச்சில்லை. சோறு போட்டாள், பேச்சில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னேன். புடவை மாற்றிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நான் கீழே தரையில் உட்கார்ந்து அவள் காலை எடுத்து என் மடியில் வைத்தேன். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் காலை நான் தொட்டது கிடையாது. மற்ற நாளாக இருந்தால், "இன்னாயா, பாவத்த சேக்கற" என்று இழுத்துக்கொண்டிருப்பாள். அன்று இழுக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அந்த டாக்டர் செய்த மாதிரி, கணுக்காலுக்கு மேலே எலும்பின் மேல் கட்டை விரலை வைத்து ஐந்து எண்ணும்வரை அழுத்தி எடுத்தேன். குழி விழவில்லை. மறுகாலிலும் விழவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அப்பாடா என்று இருந்தது. ஆனால் கால் நன்றாக இருப்பதால் ரத்தம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

நேற்று ரிசல்ட் வந்தது. உன் அம்மாவுக்கு அந்தக் கிருமி இருக்கிறது. பயப்படாதே, முழுக்கப் படி. ஸ்கேன் எடுத்தார்கள், கல்லீரல் இன்னும் கெடவில்லை. இன்னும் ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறதாம், அதைப் பார்த்து மாத்திரை வேண்டுமா என்று சொல்வார்களாம், வேண்டுமென்றால் அங்கேயே கொடுக்கிறார்களாம். எனக்கும் பார்த்தார்கள், எனக்கு இல்லை, தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். அந்த டாக்டரம்மா, சின்னப் பெண், உன்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும், "பிள்ளைங்க எத்தனை பேர்?" என்று கேட்டாள். ஒரே பையன் என்றோம். "அவருக்குப் பார்த்தாச்சா?" என்றாள். உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். ஏழுமலை பார்த்த அதே பார்வை. அக்காவுக்கும் தம்பிக்கும் கண் ஒரே மாதிரி என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உன் கால் வீக்கம் கல்லீரலால்தான் என்று நான் சொல்லவில்லை, அந்த டாக்டரம்மாவும் சொல்லவில்லை. நீயும் நாளெல்லாம் நிற்கிறவன். இதயம், சிறுநீரகம், ரத்தக் குழாய், சாப்பிடுகிற ஏதாவது மாத்திரை என்று எதனால் வேண்டுமானாலும் கால் வீங்கலாமாம். பார்த்தால்தான் தெரியும். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் உனக்கு உன் அம்மாவின் ரத்தம். அதனால் மற்றவன் பத்து நாள் பொறுத்துப் பார்க்கலாம், நீ பொறுக்கக் கூடாது. கீழாநெல்லி அரைத்துக் குடி, இன்ன ஊரில் நாட்டு மருந்து கொடுக்கிறார்கள் என்று ரூமில் யாராவது சொன்னால் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிடு. குடிக்கிறாயா என்று டாக்டர் கேட்டால் கோபப்படாமல் உள்ளதைச் சொல். நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால் அந்தப் பெண்ணிடமும் மறைக்கக் கூடாது, அவளுக்கும் ஊசி இருக்கிறது. மறைத்து நான் என்ன கண்டேன் என்பதைத்தான் இவ்வளவு நேரம் எழுதியிருக்கிறேன்.

வேலை போய்விடுமே என்று உனக்கு இருக்கும். போகலாம். நான் ஒன்றும் பெரிய மனசுக்காரன் மாதிரி பேச வரவில்லை, எனக்கும் அது வலிக்கும், இரண்டு வருஷம் நீ அலைந்தது எனக்குத் தெரியாதா. ஏஜென்டிடம் தேதி தள்ளிக் கேள். தள்ளவில்லை என்றால் போகட்டும். அன்ஃபிட் என்று எவனாவது எழுதினால் எழுதட்டும். ஏழுமலைக்கு அன்று ஒருத்தன் அன்ஃபிட் என்று எழுதியிருந்தால் அவன் இப்போது ஐம்பது வயதில் இந்தக் குழாயடியில் உட்கார்ந்து உன் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பான்.

நேற்று ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து எதிர்க் கடையில் டீ வாங்கினோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, "என் டம்ளரையும் தனியா வெச்சிடுவியாயா?" என்று கேட்டாள். மூன்று நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அவளும் தம்பி மாதிரிதான், கடைசி இரண்டு வாய் மிச்சம் வைப்பாள். அந்த டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி, மிச்சத்தை நான் குடித்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்தாள் என்று நான் எழுத மாட்டேன், அது எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது சொன்னாள்: "புள்ளைய வரச் சொல்லு. ஒண்ணியும் பண்ணிக்காம, எப்டி கீறானோ அப்டியே வரச் சொல்லு."

அதைச் சொல்லத்தான் இத்தனை தாள். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடி. படுத்துக்கொண்டு வராதே, காலை எதிர் சீட்டில் தூக்கி வைக்காதே, பேண்டேஜ் சுற்றாதே. தொக்கைச் சாப்பிடு, உப்பைக் குறைக்க வேண்டும் என்றால் டாக்டர் சொல்லட்டும். அந்த ஒன்பதாம் நம்பர் ஷூவையே போட்டுக்கொண்டு வா. வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை கேட்கிறேன். வீங்கின காலோடு வா.

நைனா